எலிக்காரர் வீட்டுச் சமாதானம்

நனைந்த எலியைத் துவட்டும்போது அவசரப்படக் கூடாது. பழைய துண்டை மடித்து உள்ளங்கையில் விரித்து, எலியை அதன்மேல் உட்காரவைத்து, தலையிலிருந்து கீழாக மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கடிக்கும். ஒற்றினால் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கும். பாதி ஆயுளுக்கு மேல் இந்த வேலையைச் செய்தவர் அவர். தெருவில் அவருக்கு எலிக்காரர் என்று பெயர். மளிகைக்கடையில் நின்றாலும் பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும் அந்தப் பெயர்தான். வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தின் பெயர் வாயில் நுழையாத நீளம் என்பதால், அவரும் யாரையும் திருத்தப் போகவில்லை.

மாலையில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கினால் தெருப் பூனைகள் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொள்ளும். வீட்டு மாடிப்படிவரை ஊர்வலம்போல வந்து, கதவு மூடியதும் ஏமாந்து திரும்பும். உள்ளே மனைவி குளியலறையைக் கை காட்டுவாள். குளித்து, துணி மாற்றிய பிறகுதான் அவர் நாற்காலியைத் தொடலாம், தண்ணீர்ச் செம்பைத் தொடலாம், அவளிடம் பேசலாம். "உங்க சொந்தக்காரங்களை வாசலோட விட்டுட்டு வாங்க" என்பாள். அவள் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கிற பிரிவில் இருந்தாள். வேகமான கை, அதைவிட வேகமான வாய். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையை இருவரும் வெகுகாலம் முன்பே பேசித் தீர்த்து, பேசுவதையும் நிறுத்தியிருந்தார்கள்.

அந்த வேகமான வாய் ஒரு வருடம் மெல்ல மெல்ல அடங்கியது. முதலில் தூக்கம் போனது. பிறகு சாப்பாடு குறைந்தது. தொழிற்சாலைக்குப் போகிற நாட்கள் குறைந்தன. ஒருநாள் அவர் மதியமே வீட்டுக்கு வந்தபோது அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்று கையில் இருந்தது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது உட்கார்ந்தவள், அப்படியே இருந்திருக்கிறாள்.

"என்னம்மா ஆச்சு?"

"எந்தக் காலுன்னு தெரியல" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை.

மனநல மருத்துவரிடம் போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள், மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எலிக்காரர் காலையில் எழுந்து சமைத்து, அவளுக்குத் தலை வாரிவிட்டு, தண்ணீரைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அங்கே கூண்டு கூண்டாகத் தண்ணீர்ப் புட்டிகளை நிரப்பி மாட்டுவார். மாலையில் வந்து பார்த்தால் எலிகள் குடித்திருக்கும், இவள் குடித்திருக்க மாட்டாள். அவருக்கு அலுத்துப்போய்விட்டது. அலுப்பை யாரிடம் சொல்வது என்று தெரியாததால், யாரிடமும் சொல்லவில்லை.

தனியாக விட்டுப் போகப் பயந்து, கடைசியில் அவர் ஒரு காரியம் செய்தார். மனைவியைக் கேட்காமல் அவளுடைய தங்கைக்குப் போன் போட்டார்.

அக்காவும் தங்கையும் பேசி வெகு வருடங்கள் ஆகியிருந்தன. அவர்களுடைய அப்பா கடைசிக் காலத்தில் தங்கை வீட்டில்தான் இருந்தார். அவர் இறந்த செய்தி அக்காவுக்கு மறுநாள்தான் வந்தது. அலறியடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. தங்கை உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார்கள். தங்கையின் புருஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஏன் முன்பே சொல்லவில்லை என்ற கேள்விக்கு அன்றும் பதில் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. "அப்பா முகத்தைக்கூட என்னைப் பாக்க விடல. இனிமே அவ முகத்தை நான் பாக்கப்போறதில்ல" என்று அக்கா வந்துவிட்டாள். சொன்னபடியே இருந்தாள்.

தங்கை மறுநாளே ஒரு பையோடு வந்து இறங்கினாள். அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பிக்கொள்ள அங்கே புதிதாக ஒன்றுமில்லை, எப்போதும் அந்தப் பக்கம்தான் பார்த்திருந்தாள். தங்கை அதைப் பொருட்படுத்தவில்லை. கஞ்சி வைத்து ஸ்பூனால் ஊட்டினாள், முகம் துடைத்தாள், பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டாள். நோய் வந்த பிறகு எலிக்காரருக்கு முதல் தடவையாக மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட முடிந்தது.

அவருக்கு விடுமுறையாக இருந்த ஒரு பிற்பகல். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு திரைதான். தங்கை பேசுவது கேட்டது.

"அக்கா, அப்பா போனப்ப நான் ஏன் சொல்லலன்னு கேட்டியே. நான் அப்ப முழுகாம இருந்தேன்."

ஸ்பூனைக் கிண்ணத்தில் வைக்கும் சத்தம் வந்தது.

"உனக்குத் தெரியக்கூடாதுன்னு மறைச்சு வச்சிருந்தேன். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கல. இது தங்கணும்னு... உனக்குப் பிள்ளை இல்ல, நீ பாத்தா கண்ணு படும்னு என் மாமியா சொல்லிச்சு. நானும் நம்பிட்டேன். அப்பாவுக்கு முடியாமப் போனதும் உன்னைக் கூப்பிட்டா நீ வருவ, என் வயித்தைப் பாப்ப. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிப்போட்டேன். அவர் அதுக்குள்ள போயிட்டாரு. அவரைத் தூக்கிட்டுப் போன அன்னிக்கே எனக்கும் வலி வந்திடுச்சு. அதுவும் போச்சு."

எலிக்காரர் குழாயை மூடப் போன கையை எடுத்துவிட்டார். தண்ணீர் ஓடட்டும் என்று விட்டார். தான் கேட்டது அவர்களுக்குத் தெரியாமல் இருந்தால் போதும் என்று நினைத்தார்.

வெகுநேரம் கழித்து மனைவியின் குரல் வந்தது. பல வாரங்களாகப் பயன்படாமல் கிடந்த குரல்.

"எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"என்ன குழந்தை?"

"பொண்ணு."

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, "கிறுக்கு. உன் பிள்ளைக்கு நான் கண்ணு வைப்பேனாடி?"

அதற்குப் பிறகு அழுகைச் சத்தம்தான். இரண்டு பேருடைய அழுகையும் ஒரே மாதிரி இருந்ததால் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. நோய் வந்த நாளிலிருந்து மனைவி அழுததே இல்லை. எலிக்காரர் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினார். வெகுநேரம் கழித்துத் திரையை விலக்கிப் பார்த்தபோது மனைவி தங்கையின் கையைத் தன் கன்னத்தின் கீழ் வைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நம்பினார். ஆகவில்லை. சமாதானம் ஆனது, நோய் போகவில்லை. சில நாட்கள் தங்கையிடம் ஓரிரு வார்த்தை பேசினாள், அவள் ஊட்டியதை விழுங்கினாள். பிறகு விழுங்குவதும் நின்றது. கஞ்சி வாயோரம் வழிந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

மருத்துவர் இளைஞர், பொறுமைசாலி. எலிக்காரரை எதிரே உட்காரவைத்து, மருந்து வேலை செய்யக் காத்திருக்க இனி நேரமில்லை என்றும், மின்சாரம் கொடுத்து மூளையில் வலிப்பு வரவைக்கும் சிகிச்சை ஒன்று இருக்கிறது என்றும் சொன்னார்.

"கேட்டதும் பயமா இருக்கும். இதைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"வேலையில பாத்திருக்கேன் சார்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல. எலிங்களுக்குக் குடுக்கறாங்க. நான்தான் புடிச்சுக்குவேன்."

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

அது உண்மைதான். எலிக்காரர் வேலை செய்த ஆய்வுக்கூடத்தில் அப்போது நடந்துகொண்டிருந்தது அந்தச் சோதனைதான். வட்டமான பெரிய தொட்டி ஒன்று. அதில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, அடி தெரியாமல் இருக்கப் பால்பவுடர் கலந்து வெள்ளையாக்கி வைப்பார். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கண்ணுக்குத் தெரியாமல், ஒரு சின்ன மேடை இருக்கும். சுற்றிலும் சுவரில் முக்கோணம், நட்சத்திரம் என்று வெட்டி ஒட்டிய காகிதங்கள். தண்ணீரில் விட்ட எலி முதல்நாள் தொட்டி ஓரமாகவே சுற்றிச் சுற்றி நீந்தும். எப்படியோ மேடை காலில் தட்டினால் ஏறி நின்று மூச்சு வாங்கும். சில நாளில் சுவர்க் காகிதங்களை அடையாளம் வைத்து நேராக அங்கே போய்விடும். அப்படிக் கற்றுக்கொண்ட எலிகளில் பாதிக்குக் காதில் கிளிப் மாட்டி மின்சாரம் கொடுப்பார்கள். மீதிப் பாதிக்குக் கிளிப் மட்டும் மாட்டிக் கழற்றிவிடுவார்கள். மின்சாரம் பாயும்போது எலி அவர் கையுறைக்குள் கட்டைபோல விறைக்கும். பிறகு கால்கள் உதறும். பிறகு துவண்டு, ஒன்றும் தெரியாமல் மூச்சு மட்டும் விடும். கொஞ்ச நேரத்தில் எழுந்து மீசையைத் துடைத்துக்கொண்டு தீனி தின்னும். பார்க்க ஒரு குறையும் தெரியாது.

சில நாள் இப்படிக் கொடுத்து ஓய்வு விட்டு, மறுபடி தொட்டியில் விடுவார்கள். கிளிப் மட்டும் மாட்டிய எலி நேராக மேடைக்குப் போகும். வலிப்பு வந்த எலி, அந்தத் தொட்டியைப் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை என்பதுபோல ஓரமாகவே சுற்றும். முக்கோணமும் நட்சத்திரமும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

"எலிகிட்ட நீங்க பாத்தது வேற" என்றார் மருத்துவர். "இங்க முழு மயக்கம் குடுத்துடுவோம். உடம்பு உதறாம இருக்கவும் மருந்து உண்டு. கால் கட்டைவிரல் லேசா ஆடும், அவ்வளவுதான். வலி தெரியாது. ஆனா கொஞ்ச காலத்து ஞாபகம் போகலாம். முக்கியமா இப்ப, கிட்டத்துல நடந்தது. அதை மறைக்காமச் சொல்லிடணும்."

எலிக்காரர் மனைவியிடமும் மறைக்காமல் சொன்னார். அவள் கட்டிலில் சுருண்டு கிடந்தாள்.

"கொஞ்ச நாள் நடந்தது மறந்து போகுமாம்."

"மறக்கட்டும். இதுல எதை வச்சிக்கணும்?" என்று முனகிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எலிக்காரருக்கும் அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. தன் பெயரையே மறந்துவிடுவாளோ, தன்னையே மறந்துவிடுவாளோ என்று பெரிய பெரிய பயங்கள்தான் வந்தன. சமையலறைத் திரைக்கு அப்பால் நடந்த ஒரு பிற்பகலை அவர் நினைக்கவே இல்லை.

சிகிச்சை காலையில் நடக்கும். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கூடவே தங்கை இருப்பாள். சக்கரக் கட்டிலில் மனைவியை வெளியே கொண்டுவரும்போது முகம் உப்பி, எச்சில் வழிந்து, கண் திறந்தும் பார்க்காமல் இருக்கும். தங்கை அவள் வாயைத் துடைப்பாள். அவர் அதற்குப் பிறகு பஸ் பிடித்து வேலைக்குப் போவார். அங்கே எலிகள் காத்திருக்கும்.

முதல் நாள் அவர் கையுறையை மாட்டிவிட்டு, கூண்டைத் திறக்காமலே நின்றார். ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்த மேடம் கவனித்துவிட்டார். அவரைவிட வயதில் வெகுவாகச் சின்னவர், ஆனால் அவரைப் போலவே தூக்கம் கெட்ட கண். எலிக்காரர் விஷயத்தைச் சொன்னார்.

"வீட்டுக்குப் போங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

"புடிக்க வேற ஆள் இல்லையே மேடம்."

"நானே புடிச்சுக்கறேன்."

மறுநாள் அவர் வந்தபோது மேடத்தின் இரண்டு விரல்களில் கட்டு இருந்தது. "உங்க பசங்க என்னை மதிக்கல" என்றார். எலிக்காரர் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டார். காலையில் பெஞ்சு, பிற்பகலில் எலி. வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் நின்றபடியே தூங்கினார். ஒருநாள் கடைசி நிறுத்தம்வரை போய்விட்டு, நடத்துநர் தட்டி எழுப்ப, அதே பஸ்ஸில் திரும்பி வந்தார்.

துண்டால் எலியை ஒற்றிக்கொண்டே ஒருநாள் மேடத்திடம் கேட்டார்.

"மறந்தது திரும்ப வருமா மேடம்?"

"எலிக்கா?"

"எலிக்குத்தான்."

மேடம் அவரைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரொம்பப் பழசு அப்படியே இருக்கும். புதுசாக் கத்துக்கிட்டது இன்னும் உள்ள இறுகாம இருக்கும்போது வலிப்பு வந்தா, அது கலைஞ்சிடுது. சிலது வரும். சிலது வராமயே போகும். ஆனா வலிப்பை நிறுத்திட்டுத் திரும்பப் பழக்கினா மறுபடி கத்துக்குது. நம்ம எலிங்க சிலது புது எலியைவிட வேகமாவே கத்துக்குது. அதனால முழுசா அழியலையோன்னு எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்தான், தெரியாது." துண்டிலிருந்த எலியைப் பார்த்தார். "இந்த வைத்தியம் மனுஷங்களுக்கு உதவுதுண்ணே. ஞாபகத்தைத் தொடாம அதைக் குடுக்க முடியுமான்னு பாக்கத்தான் இத்தனையும். ஆனா எலியை வச்சு அண்ணியைக் கணக்குப் போடாதீங்க. எலிக்குத் தொட்டியில ஞாபகம் வச்சிக்க ஒரே ஒரு விஷயம்தான் இருக்கு."

சில வாரங்களில் மனைவி ஆஸ்பத்திரி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "இது டீயா, டம்ளர் கழுவின தண்ணியா?" என்று கேட்டாள். எலிக்காரர் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றார். அவள் குறை சொல்லி எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று நினைத்தபோது கண் கலங்கியது. தங்கை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து அலைந்து காய்ச்சலில் விழுந்திருந்தாள். அக்கா தேறுகிறாள் என்று தெரிந்ததும் தன் வீட்டுக்குப் போய்ப் படுத்தாள். அக்கா தெளிந்து பார்க்கத் தொடங்கியபோது அவள் அருகில் இல்லை.

வீட்டுக்கு வந்த மனைவி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அடுப்பைப் பார்த்து, "இது யாருது?" என்றாள். நோய் முற்றுவதற்குச் சற்று முன்பு அவளே கடைக்கு வந்து தேர்ந்தெடுத்து, விலையில் சண்டை போட்டு வாங்கிய அடுப்பு. "நம்மதுதான்" என்றார். "நிறம் சகிக்கல. நீங்களா வாங்கினீங்க?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டார். கீழ்வீட்டுக்காரர்கள் காலி செய்து போனது தெரியவில்லை. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் மாறியது தெரியவில்லை. தையல் எந்திரத்தின்முன் உட்கார்ந்தபோது மட்டும் கை தானாக ஓடியது. அவளுக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. பசித்தது, தூக்கம் வந்தது, கோபம் வந்தது. அது போதும் என்று இருவருமே நினைத்தார்கள்.

காய்ச்சல் விட்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். கதவு திறந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பையோடு நேராக உள்ளே வந்து, "அக்கா, எழுந்து நடமாடறியா" என்று சிரித்துக்கொண்டே கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மனைவி எழுந்து நின்றுவிட்டாள்.

"இவளை யாரு கூப்பிட்டது?"

தங்கை விளையாட்டு என்றுதான் நினைத்தாள். "யாரு கூப்பிடணும்? நானாத்தான் வந்தேன்" என்றாள்.

"எங்கப்பா செத்ததைச் சொல்ல வரல. இப்ப என்னத்தைச் சொல்ல வந்த?"

தங்கையின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அதை அப்படியே வைத்திருந்தாள். பிறகு எலிக்காரரைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு அப்போதுதான் புரிந்தது. தொட்டி ஓரமாகச் சுற்றும் எலியைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர், இதை எதிர்பார்க்காமல் போனேனே என்று நொந்துகொண்டார்.

தங்கை பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் பின்னாலேயே ஓடி மாடிப்படித் திருப்பத்தில் நிறுத்தினார்.

"கோவிச்சுக்காதம்மா. அவளுக்கு நீ வந்ததே ஞாபகம் இல்ல. வைத்தியம் அப்படி. இன்னொரு தடவை உட்காந்து சொல்லிட்டா..."

"என்ன சொல்லணும் அத்தான்?" அவள் அவரை நேராகப் பார்த்தாள். "நீங்க கேட்டீங்களா அன்னிக்கு?"

அவர் தலையசைத்தார்.

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆச்சு. சொல்லி முடிச்சதும் செத்துப் பொழைச்ச மாதிரி இருந்துச்சு. அவ என்னைக் கிறுக்குன்னு சொன்னா, கேட்டீங்கல்ல? அந்த வார்த்தைக்காகத்தான் நான் உயிரோட இருந்த மாதிரி இருந்துச்சு. இப்ப மறுபடி போய், உன் கண்ணு படும்னு நினைச்சேன்க்கான்னு சொல்லச் சொல்றீங்க. இந்தத் தடவை அவ கிறுக்குன்னு சொல்லலன்னா? வெளிய போன்னு சொல்லிட்டா? என்னால முடியாது அத்தான். நீங்களும் சொல்லிடாதீங்க. அது என் வாயில இருந்து வரணும், இல்ல வரவே வேணாம்."

அவர் சரி என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

மேலே வந்தபோது மனைவி கட்டில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிட்டீங்க" என்றார். "அவ இங்கயே தங்கி உன்னைப் பாத்துக்கிட்டா. நீங்க சமாதானம் ஆயிட்டீங்க."

"நான் ஆகல."

"ஆயிட்ட. நான் இருந்தேன்."

"அப்ப நீங்க சமாதானம் ஆகியிருப்பீங்க."

"அவ காரணம் சொன்னா. நீ கேட்டுட்டு அழுத. அவ கையைப் புடிச்சிக்கிட்டுத் தூங்கின."

"என்ன காரணம்?"

அவர் செம்பை எடுத்துத் தண்ணீர் மொண்டார்.

"உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"சொல்ல மாட்டீங்க."

"அது அவ சொல்லணும்."

"என் தலைக்குள்ள நடந்ததை நான் அடுத்தவங்க தயவுல தெரிஞ்சிக்கணும். அந்தத் தயவும் எனக்குக் கிடையாது. அப்படித்தானே?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் அவருடன் பேச்சை நிறுத்தினாள். தட்டை டொக்கென்று வைப்பாள். தண்ணீர் கேட்டால் குடத்தைப் பார்ப்பாள். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, "கோவம் வருதா?" என்று மருத்துவர் கேட்டார். "எக்கச்சக்கமா" என்றார் எலிக்காரர். "நல்லது, நல்ல முன்னேற்றம்" என்று மருத்துவர் மகிழ்ந்தார். அந்த முன்னேற்றத்தோடு அவர் பஸ்ஸில் வீடு திரும்பினார். அது ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

அந்த நாட்களில்தான் அவருக்குத் தாங்க முடியாத களைப்பு வந்தது. நோயின்போதுகூட அப்படி இல்லை. அப்போது செய்ய வேலை இருந்தது. இப்போது இரண்டு பெண்களுக்கு நடுவே நடந்து முடிந்த ஒரு விஷயம், அவர்கள் இருவரிடமும் நிலைக்காமல், அவர் ஒருவரிடம் வந்து தங்கிவிட்டது. ஒருத்திக்கு அது நினைவில் இல்லை. இன்னொருத்திக்கு அது நடந்தும் நடக்காததுபோல ஆகிவிட்டது. அந்தப் பிற்பகலுக்கு முழுச் சாட்சி அவர் மட்டும்தான், அவர் வாயையும் கட்டியாகிவிட்டது.

ஆய்வுக்கூடத்தில் அந்தத் தொகுதி எலிகளின் சோதனை முடிந்தது. முடிந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. மயக்கம் கொடுத்து, உயிரை எடுத்து, மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டிக் கண்ணாடியில் வைத்தார்கள். எலிக்காரர் காலிக் கூண்டுகளை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தார். அன்று வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிடாமல் தரையில் படுத்துவிட்டார்.

மனைவி அவருடைய தட்டை மூடிச் சமையலறையில் வைத்தாள். பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் அழுதேன்னு சொன்னீங்களே. நிஜமா?"

"நிஜம்."

"கொஞ்சமா, நிறையவா?"

"நீ அப்படி அழுது நான் பாத்ததில்ல."

"அதுக்கு முன்னாடி, உடம்பு முடியாம இருந்தப்ப?"

"ஒரு சொட்டு இல்ல. கல்லு மாதிரி இருந்த."

அவள் புடவை நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "நான் சும்மா மன்னிக்கிற ஆளா?"

"நீயா?" அவருக்குக் களைப்பிலும் சிரிப்பு வந்தது. "நம்ம கல்யாணத்துல எங்க சித்தப்பா சொன்ன வார்த்தைக்கு இன்னும் அவரோட நீ பேசல. அவரும் போய்ச் சேந்துட்டாரு."

"அதைத்தான் யோசிக்கிறேன். கல்லு மாதிரி கெடந்த நான் எழுந்து அழுதிருக்கேன். அவ கையைப் புடிச்சிருக்கேன். அப்படின்னா அவ சொன்னது லேசான விஷயமா இருக்காது."

"இல்ல. லேசு இல்ல."

"அவளுக்குச் சொல்லக் கஷ்டமா இருந்துச்சா?"

"ரொம்ப."

"இப்ப மறுபடி சொல்ல மாட்டேங்கிறா."

"அவளால முடியலம்மா."

அவள் எதிர்ச்சுவரைப் பார்த்தாள். "நான் ஒரு தடவை கேட்டாச்சு. கேட்டுட்டு ஒரு முடிவு பண்ணிருக்கேன். அன்னிக்குப் பைத்தியமாத்தான் இருந்தேன், ஆனா முட்டாளா இருந்திருக்க மாட்டேன். அது என் முடிவுன்னா அப்படியே இருக்கட்டும். அவளைத் திரும்பச் சொல்ல வைக்க வேணாம்."

"நிஜமாத்தான் சொல்றியா? உனக்குக் காரணம் தெரியவே தெரியாதே."

"என்னை எனக்குத் தெரியும்ல" என்றாள். சொல்லிவிட்டு, அவ்வளவு நிச்சயமில்லாதவள்போல மறுபடி புடவை நுனியைச் சுற்றினாள். "வயித்தெரிச்சல் இன்னும் இருக்குங்க. அப்பா முகத்தைப் பாக்காதது அப்படியேதான் எரியுது. அது ஆறினது எனக்கு ஞாபகம் இல்லையே. எரிய எரியவே அவளைக் கூப்பிடறேன், அவ்வளவுதான்."

அவளே போனை எடுத்தாள். மறுமுனையில் தங்கை எடுத்ததும் இவள் சுற்றி வளைக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை வா. எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல. நீ ஒண்ணும் சொல்லவும் வேணாம். உங்க அத்தான் சாட்சி சொல்றாரு, அது போதும். வர்றியா இல்லையா?"

மறுமுனையில் விசும்பல்தான் கேட்டது. "அழறதா இருந்தா இங்க வந்து அழு. போன்ல கேக்கச் சகிக்கல" என்று வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. அக்கா ஒரு நாற்காலியைக் காட்டினாள், தங்கை உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. புது அடுப்பின் நிறம் எவ்வளவு மோசம் என்று அக்கா தொடங்கினாள். அதை வாங்கியது யார் என்பது தங்கைக்கு நோயின் நடுவே அக்காவே சொல்லித் தெரியும். அவள் எலிக்காரரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். "ஆமாக்கா, அத்தானுக்கு ரசனையே கிடையாது" என்றாள்.

முதல் சமாதானம் போல இது இல்லை. சில சமயம் அக்கா பேச்சை நிறுத்திவிட்டுத் தங்கையின் முகத்தையே உற்றுப் பார்ப்பாள், அங்கே எங்கோ அந்தக் காரணம் எழுதியிருக்கிறதா என்று தேடுவதுபோல. தங்கை அந்தப் பார்வைக்கு முதலில் கூசினாள், பிறகு தாங்கப் பழகினாள். ஒருமுறை, காரணமே இல்லாமல், அக்கா அவள் வயிற்றுப் பக்கம் கையைக் கொண்டுபோய் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். தங்கை அப்படியே உறைந்துபோனாள். ஏதாவது ஞாபகம் வந்து செய்தாளா, சும்மாதான் செய்தாளா என்று எலிக்காரருக்குத் தெரியவில்லை. மனைவியைக் கேட்டிருந்தால் அவளுக்கும் தெரிந்திருக்காது.

அவள் தொழிற்சாலைக்கு அரைநாள் வேலைக்குத் திரும்பினாள். அடுத்த வருடம் நோய் மறுபடி எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை செருப்புவரை போகாமல் முன்பே பிடித்துவிட்டார்கள், மாத்திரையிலேயே அடங்கியது. மாத்திரை இன்றும் உண்டு. மேடம் தன் முடிவுகளை எழுதி ஓர் ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பி, திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி எழுதி அனுப்பினார். எலிக்காரர் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்கலாமா என்று பலமுறை நினைத்தார். கேட்கவில்லை. யாராவது ஒருவர் பிடித்துத்தானே ஆக வேண்டும், தெரிந்த கையாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

தங்கை அன்று திரைக்குப் பின்னால் சொன்னதை அவரும் தங்கையும் அதற்குப் பிறகு பேசிக்கொண்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீடு இரைச்சலாக இருக்கும். ஒரு பிற்பகல், துவைத்த போர்வையை மடிப்பதில் அக்காவுக்கும் தங்கைக்கும் தகராறு. நீளவாக்கில் முதலில் மடிக்க வேண்டும் என்கிறாள் ஒருத்தி, அகலவாக்கில் என்கிறாள் இன்னொருத்தி. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, சின்ன வயதில் யார் யார் எப்படி மடித்தார்கள் என்று அம்மாவையும் அப்பாவையும் சாட்சிக்கு இழுத்தார்கள். "அத்தான், நீங்களே சொல்லுங்க" என்று தங்கை திரும்பினாள். அவர் நாற்காலியில் வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா தன் முனையை ஒரு வெட்டு வெட்டிப் பிடுங்கி, போர்வையைத் தன் இஷ்டப்படி மடித்து அலமாரியில் வைத்துவிட்டு, சண்டையின் மிச்சத்தைக் குரலைத் தாழ்த்திப் போடத் தொடங்கினாள்.